கை ஓங்கக் கூடாது என்றார்கள்

அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார் என்றுதான் தெருவில் எல்லாரும் சொல்வார்கள். குடிக்காமலும் அடிப்பார் என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். பரங்கிப்பேட்டையிலிருந்து ஐஸ் பெட்டிகளில் மீன் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் மார்க்கெட்டுக்கு வரும் வண்டியை அவர் ஓட்டினார். நடை முடிந்து வீட்டுக்கு வரும்போது சட்டையில் மீன் தண்ணீர் நாறும். அந்த நாற்றம் வாசலுக்கு வந்ததும் அம்மா என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துவிடுவேன். எங்கள் வீடு ஒரே அறை, அதன் ஒரு மூலையில் சமையல். ஒளிந்துகொள்ள வேறு இடம் கிடையாது.

அம்மா ஓர் ஓட்டலில் காய் நறுக்கும் வேலை செய்துகொண்டிருந்தாள். இடது காது அவளுக்குக் கேட்காது. நான் பிறப்பதற்கு முன்பே அப்பா விட்ட ஓர் அறையில் போன காது அது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவளுக்கு வலது பக்கமாகப் போய் நின்றுதான் சொல்வேன். எல்லா வீட்டிலும் பிள்ளைகள் அம்மாவிடம் அப்படித்தான் பேசுவார்கள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் வகுப்பில் என் கையில் சார்ஜர் ஒயர் பட்ட தடம் வரிவரியாக இருந்ததை டீச்சர் பார்த்துவிட்டார். கேட்டார். சொன்னேன். அவர் கோபத்தில் அப்பாவுக்கு போன் போட்டுத் திட்டியிருக்கிறார். அது எனக்குத் தெரியாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா தரையில் உட்கார்ந்து அருவாமணையில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அப்பா உள்ளே வந்தார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"டீச்சர்கிட்ட என்னாடி சொன்ன?"

நான் பதில் சொல்வதற்குள் என் சடையைக் கையில் சுற்றிக்கொண்டார். கட்டிலிலிருந்து அடுப்பு வரைக்கும் தரையோடு இழுத்துப்போனார். "இந்த வாயிதானே சொல்லுச்சி, இந்த வாயிதானே" என்று சொல்லிக்கொண்டே என் முகத்தை வாணலிப் பக்கம் அழுத்தினார். எண்ணெயின் சூடு கண் இமையில் பட்டது. நான் இரண்டு கையாலும் அடுப்பு மேடையைத் தள்ளினேன்.

அம்மா கத்தவில்லை. காலில் மிதித்திருந்த அருவாமணையைக் கட்டையோடு தூக்கி இறக்கினாள். சடையைச் சுற்றியிருந்த கையில் வெட்டு விழுந்தது. அப்பாவின் இரண்டு விரல்களும் என் சடையில் பாதியும் மீன் செதில்களுக்கு மேல் விழுந்தன. அப்பா கத்துவதற்கு முன் தன் கையைப் பார்த்தார். அவர் என்னை விட்டுவிட்டார். சுவரில் சாய்ந்தார். அம்மா மறுபடி ஓங்கினாள். இரண்டாவது வெட்டு தோளில் விழுந்தது. மூன்றாவதுக்குத் தூக்கியபோது பக்கத்து வீட்டு மாமா ஓடிவந்து பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

அந்த இரண்டாவது வெட்டுதான் பின்னால் வழக்கில் அம்மாவுக்கு எதிராக நின்றது. எனக்குள்ளும் அதுதான் நின்றது. முதல் வெட்டின்போது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டாவதின்போது பார்த்தேன். மீன் தலையை நறுக்கும்போது எப்படி இருப்பாளோ அப்படியே இருந்தாள்.

அப்புறம் அம்மா அருவாமணையைக் குழாயடியில் கழுவி வழக்கமான இடத்தில் சாய்த்து வைத்தாள். போலீஸ் அதைத் தடயத்தை அழித்ததாக எழுதிக்கொண்டது. ஜீப்பில் ஏறும்போது, "புள்ள இன்னும் சாப்புடல, அதுக்கு எதுனா வாங்கிக் குடுங்க" என்று பெண் போலீஸிடம் சொன்னாள். அவர்கள் எனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்கள். சாப்பிட்டேன். நன்றாகப் பசித்தது.

அன்று மாலையே என்னைக் கடலூரில் ஒரு பெண் பிள்ளைகள் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பக்கம் நீளமாகவும் ஒரு பக்கம் குட்டையாகவும் இருந்த முடியை இல்லத்து வார்டன் அக்கா சமமாகக் கத்தரித்துவிட்டார். பெற்றோரைப் பிரிந்திருக்கும் பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று முடிவு செய்ய ஒரு குழு இருக்கிறது, அவர்கள் கேட்டால் பயப்படாமல் பேசு என்று சொன்னார்.

குழுவின் முன்னால் முதலில் வந்து நின்றவர் அப்பா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு வந்திருந்தார். கை பந்துபோலக் கட்டுப் போட்டிருந்தது. "எம்புள்ள. எங்கிட்டதான் குடுக்கணும். அவ கொலகாரி" என்றார். அவர் குரல் கேட்டதுமே நான் நின்ற இடத்தில் பாவாடை நனைந்துவிட்டது. தலைவராக இருந்த அம்மையார் அதைப் பார்த்தார். அப்பாவை வெளியே போகச் சொன்னார். அப்பா நாற்காலியை எட்டி உதைத்துவிட்டுப் போனார்.

அம்மா ஜாமீனில் வந்ததும் நேராகக் கடலூருக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினாள். நான் வார்டன் அக்காவின் பின்னால் போய்விட்டேன்.

"அம்மாவோட போறியாம்மா?" என்று தலைவர் அம்மா கேட்டார்.

"போமாட்டேன்."

"ஏன்?"

"வெட்டுவாங்க."

அம்மாவுக்கு வலது காதில் அது நன்றாகவே விழுந்தது. அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நெற்றியால் முட்டினாள். ஒரு முட்டில் மேசைக் கண்ணாடி விரிசல் விட்டது. அடுத்ததில் ரத்தம் வந்தது. "உனுக்காகத்தானேடி, உனுக்காகத்தானேடி" என்று முட்டிக்கொண்டே இருந்தாள். இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன், காதை மூட மறந்துவிட்டேன்.

குழுவிலிருந்த ஒருவர், "இந்தக் கோவத்த வெச்சிக்கினு இவுங்க எப்படிங்க புள்ள வளப்பாங்க? புள்ளையும் வேணாங்குது. இல்லத்துலயே இருக்கட்டும், முடிச்சி வுடுங்க" என்றார்.

அம்மாவுக்காக இலவச சட்ட உதவியில் வந்திருந்த வக்கீல் அக்கா அப்போதுதான் எழுந்தார். சின்ன வயசு. காலில் கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார். "முடிச்சி வுட முடியாது சார். புள்ளைய மொதல்ல குடும்பத்தோட சேக்கறதுக்குத்தான் பாக்கணும்னு சட்டம் சொல்லுது. இல்லம் கடைசி. இவுங்களுக்குக் கவுன்சிலிங் குடுத்தமா? வூடு பாக்க உதவி பண்ணமா? புள்ளைய வாரா வாரம் பாக்க வுட்டமா? எதுவுமே செய்யாம லாயக்கில்லன்னு எப்படி எழுதறது? பிரிக்கறது ஒரு நிமிஷத்துல பிரிச்சிட்டோம். சேக்கறதுக்கு நாமதான் ஒழைக்கணும். அது இவுங்க உரிமை. அந்தப் புள்ளையோட உரிமையும்தான்."

உரிமை என்ற சொல்லைக் குடிமையியல் பாடத்தில் படித்திருந்தேன். அம்மாவோடு சேர்த்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அந்த அக்காவின் வாயையே பார்த்தாள்.

தலைவர் அம்மா கடைசியில் அம்மாவிடம் பேசினார். வேறு வீடு பார்க்க வேண்டும். அப்பாவோடு சேரக் கூடாது. வாரம் ஒரு தடவை கவுன்சிலிங்குக்கும் என்னைப் பார்ப்பதற்கும் வர வேண்டும். "இன்னொண்ணு. இனிமே உன் கைய யார் மேலயும் ஓங்கக் கூடாது. ஒரு தடவ ஓங்குனன்னு கேள்விப்பட்டா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"அந்தாளு வந்து அடிச்சா?"

"போலீஸுக்கு போன் பண்ணு."

அம்மா தலையாட்டினாள்.

வாரா வாரம் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். கவுன்சிலிங் முடிந்ததும் இல்லத்தின் பார்வையாளர் அறையில் எனக்கு எதிரில் உட்காருவாள். எலுமிச்சை சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் டப்பாவில் இருக்கும். நான் தொடமாட்டேன். பேசவும் மாட்டேன். நேரம் முடிந்ததும் டப்பாவை மூடிக்கொண்டு போவாள். எத்தனை வாரம் அப்படிப் போனது என்று தெரியாது. மழைக்காலம் வந்து கடலூர் முழுக்கத் தண்ணீர் நின்றபோதும், முழங்கால் வரை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள்.

இல்லத்தில் என்னைவிடப் பெரிய பெண் ஒருத்தி இருந்தாள். அவள் என்னைக் "கைவெட்டி மவ" என்று கூப்பிடுவாள். மற்றவர்களும் பழகிக்கொண்டார்கள். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு வரிசையில், "ஏ கைவெட்டி மவளே, தள்ளு" என்றாள். என் கையில் எவர்சில்வர் தட்டு இருந்தது. அதன் விளிம்பால் அவள் வாயில் அடித்தேன். முன்பல் ஒன்று உடைந்து தெறித்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். விரல் சந்தில் ரத்தம் வழிந்தது. அது போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. மறுபடி ஓங்கினேன். அது அவள் தலையில் விழுந்தது. தட்டு நசுங்கியது. சமையல்கார அக்கா வந்து என்னைத் தூக்கிப்போனார். தூக்கிக்கொண்டு போகும்போதும் காற்றில் உதைத்துக்கொண்டே இருந்தேன்.

அந்த வாரம் அம்மா வருவதற்கு முன்பே அவளிடம் சொல்லிவிட்டிருந்தார்கள். திட்டுவாள் அல்லது அழுவாள் என்று நினைத்தேன். அவள் உட்கார்ந்து என் வலது கையைப் பார்த்தாள். தொடவில்லை.

"வலிச்சுதா?" என்றாள்.

"யாருக்கு?"

"உனுக்கு. கை."

நான் அவள் வலது பக்கம் போய் நின்றேன். "வலிச்சுது" என்றேன்.

"எனுக்கும் அன்னைக்கி வலிச்சுது. தோளத் தூக்கவே முடியல. ஜெயில்ல மாத்திர குடுத்தாங்க."

"ரெண்டாவது வாட்டி ஏம்மா வெட்டுன?"

"தெரியல. மொத வெட்டு உனுக்காக. ரெண்டாவது என் காதுக்காவன்னு நெனைக்கிறேன்."

நான் டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். அம்மா அழவில்லை. வறுவலை என் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த கோடை விடுமுறையில் சோதனை முறையில் என்னை அம்மாவிடம் அனுப்பினார்கள். பள்ளி திறக்கும்வரை இருந்து பார்க்கலாம், நடுநடுவே வந்து பார்ப்போம் என்று சொன்னார்கள். பிள்ளைகள் பாதுகாப்பு வேலையில் இருந்த ஒரு மேடம் வந்து வீட்டைப் பார்த்தார். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த அறை அது. அம்மா அருவாமணை வாங்கவே இல்லை. ஓட்டலில் நாளெல்லாம் கத்தி பிடிப்பவள், வீட்டில் ஒரு சின்னப் பழக்கத்தியால் தக்காளியும் வெங்காயமும் நறுக்குவாள். முதல் சில நாள் அவள் கத்தியை எடுத்தால் நான் வெளியே போய்விடுவேன். அப்புறம் வாசல்படி வரைக்கும் போவேன். அப்புறம் போகவில்லை.

அப்பா ஒரு நாள் காலை வெயிலில் வந்தார். தெருக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்த நேரம், வெளியே குடங்களோடு பெண்கள் நின்றிருந்தார்கள். அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். வலது கையில் மூன்று விரல்தான். இடது கையில்தான் ஹெல்மெட் இருந்தது.

"எம்புள்ளய அழச்சிக்கினு போறேன்" என்றார்.

"குழுவுல போய்க் கேளு" என்றாள் அம்மா.

முதல் அடி அவள் கன்னத்தில் விழுந்தது. உள்ளே ஏதோ முறிந்தது. விறகு முறிவதுபோலச் சத்தம் கேட்டது. அம்மா சுவரில் மோதி நின்றாள். தரையில் தட்டில் பாதி நறுக்கிய தக்காளியும் அந்தக் கத்தியும் இருந்தன. அவள் கத்தியைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். நானும் பார்த்தேன். அம்மா காலை நீட்டி அதைக் கட்டிலுக்கடியில் உதைத்துத் தள்ளினாள். பிறகு இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"போன் பண்ணுடி" என்றாள். தாடை உடைந்த வாயில் அது வேறு மாதிரி வந்தது. "போன், போன்."

நான் அவள் போனை எடுத்து அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா அடித்துக்கொண்டே இருந்தார். ஹெல்மெட் நெற்றியில், மூக்கில், தோளில் விழுந்தது. அம்மா கம்பியை விடவில்லை. கையைத் தூக்கி முகத்தைக்கூட மறைத்துக்கொள்ளவில்லை. மறைப்பதற்குத் தூக்கினால் அதுவும் ஓங்கியதாகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. அவர் அவள் தலைமுடியைப் பிடித்துத் தலையை ஜன்னல் கம்பியிலேயே மோதினார். அவள் வாயிலிருந்து ரத்தத்தோடு ஒரு பல் என் காலடியில் விழுந்தது. போனில் யாரோ எடுத்தார்கள். நான் தெருப் பெயரைக் கத்தினேன். அம்மாவை அடிக்கிறாரு, கொல்றாரு என்று கத்தினேன்.

அப்பா என் பக்கம் திரும்பி என் கையைப் பிடித்து இழுத்தார். அப்போதுதான் அம்மா கம்பியை விட்டாள். அவரை அடிப்பதற்கு அல்ல. வாசற்படியில் குறுக்கே விழுந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் அவள் விலாவில் உதைத்தார். அவள் விடவில்லை. நான் அவருடைய மூன்று விரல் கையைக் கடித்தேன். தோல் கிழியும்வரை கடித்தேன். மீன் தண்ணீர் உப்பும் ரத்தமும் வாயில் வந்தன. அவர் கத்தினார். அந்தக் கத்தலுக்குத்தான் குழாயடிப் பெண்கள் உள்ளே வந்தார்கள். ஒருத்தி நிறைகுடத்தை அவர் முதுகில் போட்டாள். பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் அவரை மடக்கிப் படுக்க வைத்து மேலே உட்கார்ந்துகொண்டார்கள். போலீஸ் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மாவை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று மறுபடியும் கடலூருக்குக் கொண்டுபோனார்கள். போகும் வழியெல்லாம் வேனின் கண்ணாடியைக் குத்திக்கொண்டே போனேன்.

குழு கூடியது. அம்மா வர முடியவில்லை. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். வக்கீல் அக்கா மட்டும் இருந்தார். முன்பு முடித்துவிடச் சொன்ன அதே உறுப்பினர், இந்தத் தடவை உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னார். "அந்த வூட்ல புள்ளைக்குப் பாதுகாப்பு இல்லைங்க. அந்தாளு எப்ப வேணா திரும்பி வருவான். இல்லத்துலன்னா நிம்மதியா படிக்கும்."

வக்கீல் அக்கா பேச எழுந்தார். அதற்குள் நான் பேசிவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

"நீங்கதான் எங்கம்மாவ கை ஓங்கக் கூடாதுன்னு சொன்னீங்க. அவுங்க ஓங்கல. கத்திய காலால தள்ளிவுட்டாங்க. ஜன்னலப் புடிச்சிக்கினு நின்னாங்க. அப்பாதான் அடிச்சாரு. அப்பாவ உள்ள வெய்ங்க. என்ன ஏன் உள்ள வெக்கிறீங்க?"

தலைவர் அம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். "நான் போலீஸுக்கு போன் பண்ணச் சொன்னேன்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு என்னிடம், "அம்மா கம்பி பிடிச்சிட்டு நின்னத நீ பாத்தியா?" என்று கேட்டார்.

"பாத்தேன்."

"நான் அதச் சொல்லல கண்ணு. அடி வாங்கிக்கிட்டு நில்லுன்னு நான் சொல்லல."

"அம்மாவுக்கு அப்படித்தான் கேட்டுச்சி" என்றேன்.

அதற்கப்புறம் நடந்தவற்றில் பாதி எனக்குப் பிற்பாடு தெரிந்தவை. அப்பாவின் ஜாமீன் மனுவை எதிர்க்கச் சொல்லி தலைவர் அம்மா தானே போலீஸுக்கு எழுதினார். எங்கள் வீட்டுப் பக்கமே அவர் வரக் கூடாது என்று கோர்ட்டில் தடை வாங்க வக்கீல் அக்கா அலைந்தார். அம்மாவுக்குப் படிக்குக் கீழே இல்லாத, உள்பக்கம் தாழ்ப்பாள் போடுகிற ஒரு வீடு வேண்டும் என்று சொல்லி, பாதுகாப்பு வேலையிலிருந்த மேடம் அவளோடு தெருத்தெருவாகப் போய்த் தேடினார். தாடையில் கட்டோடு ஒரு பெண் வந்து வீடு கேட்டால் யார் கொடுப்பார்கள்? கடைசியில் அம்மாவின் ஓட்டல் முதலாளியே கடைக்கு மாடியில் இருந்த அறையைக் கொடுத்தார். மழை தொடங்குவதற்கு முன் என்னை நிரந்தரமாக அம்மாவிடம் ஒப்படைத்து உத்தரவு போட்டார்கள்.

அம்மா அப்போதும் ஸ்ட்ராவில்தான் கஞ்சி குடித்தாள். பற்களைக் கடித்தபடியே பேசுவாள். எனக்கு மட்டும்தான் புரியும். ஓட்டலில் மற்றவர்கள் என்னைக் கூப்பிட்டு, உங்கம்மா என்னா சொல்றாங்க என்று கேட்பார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஏழாம் வகுப்பில் நான் ஸ்கூலுக்குப் போகாமல் வெள்ளாற்றுப் பாலத்தில் சுற்றியது தெரிந்து அம்மா என்னை ஓங்கி அறைந்தாள். அறைந்த உடனே அவளே போனை எடுத்து மேடத்துக்குச் சொல்லிவிட்டாள். "மேடம், நான் அடிச்சிட்டேன். வந்து புள்ளய அழச்சிக்கினு பூடுவீங்களா?" என்று கேட்டாள். மேடம் அடுத்த பஸ்ஸில் வந்தார். என்னை அழைத்துப்போகவில்லை. எங்கள் இரண்டு பேரையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசினார். கவுன்சிலிங்கை மறுபடி ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை எனக்கும் சேர்த்து.

அப்பாவுக்குத் தண்டனை கிடைத்தது. அம்மாவின் வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. நான் சாட்சி சொன்னேன். இரண்டாவது வெட்டைப் பற்றித்தான் அரசு வக்கீல் திரும்பத் திரும்பக் கேட்டார். நடந்ததை நடந்தபடி சொன்னேன், என் முகத்தை எண்ணெய்க்கு எவ்வளவு பக்கத்தில் பிடித்திருந்தார் என்பதையும் சேர்த்து. அம்மாவை விடுவித்தார்கள்.

நான் பிளஸ் டூ முடித்தபோது எங்கள் கோப்பை மூடுவதற்காகக் கடைசியாக ஒரு முறை கூப்பிட்டார்கள். தலைவராக வேறொருவர் வந்திருந்தார். பாதுகாப்பு மேடம் மட்டும் அதே ஆள். கையெழுத்துகள் எல்லாம் ஆனதும் அம்மா எழவில்லை.

"இனிமே யாரும் வூட்டுக்கு வந்து கேக்க மாட்டீங்களா?"

"மாட்டோம்மா. எல்லாம் முடிஞ்சிடுச்சி. உங்கள யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

அம்மாவுக்குத் தாடை இன்றுவரை முழுசாகத் திறக்காது. ஒரு பக்கமாகக் கோணித்தான் பேசுவாள். "தொந்தரவுன்னு சொல்லல மேடம். மாசாமாசம் யாராவது வந்து கதவத் தட்டி, நல்லா இருக்கீங்களான்னு கேட்டாங்க. எங்க ஜனத்துல யாரும் அப்படிக் கேட்டதில்ல. வந்துக்கினு இருங்க."

மேடம் சிரித்துவிட்டார். சட்டப்படி வர முடியாது, சும்மா வருகிறேன் என்றார். அந்த வருஷம் பொங்கலுக்கு வந்தார். அம்மா அவருக்குச் சங்கரா மீன் குழம்பு வைத்துக் கொடுத்தாள். நான்தான் மீன் ஆய்ந்தேன்.